எருமையூர் என்கிற மைசூர்

சாமுண்டி மலைக்குப் போகிற தமிழ்நாட்டுச் சுற்றுலாக் கூட்டம் கோயிலுக்கு முன்னால் முதலில் நிற்பது மகிஷாசுரன் சிலையடியில்தான். முறுக்கு மீசை, பிதுங்கிய விழிகள், ஒரு கையில் ஓங்கிய வாள், மறு கையில் படமெடுத்த நாகம். குழந்தையை அதன் கீழே நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே வழிகாட்டி சொல்லிவிடுவார்: “இவன் ஆண்ட ஊர் மகிஷூர். அதுதான் மைசூர்.”

அந்த ஊர்ப் பெயருக்குத் தமிழிலும் ஒரு பழைய சாட்சி இருக்கிறது. தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்துத் தோற்ற எழுவரின் பெயர்களை அகநானூற்றின் 36ஆம் பாட்டு அடுக்குகிறது. சேரன், சோழனோடு அதில் எருமையூரன் என்றொருவனும் நிற்கிறான். 253ஆம் பாட்டில் எருமை என்பவன் வடுகர் தலைவன். அவன் நாட்டில் அயிரியாறு ஓடுகிறது. இந்த எருமை நாடு இன்றைய மைசூர்ப் பகுதிதான் என்பது அறிஞர் பலரின் கருத்து. பாட்டில் அசுரனும் இல்லை, அவனை வதைத்த தேவியும் இல்லை. ஊர் உடைய ஒரு மனிதன்தான் இருக்கிறான்.

இன்று ஒருவரை எருமை என்றால் சண்டைதான் வரும். அன்று அது ஒரு தலைவனின் பெயர். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மகிஷம் என்ற வடசொல்லுக்கும் எருமை என்பதோடு, பெரியது, வலிமை மிக்கது என்ற பொருள் வேதகாலத்திலேயே உண்டு. அரசனின் முதல் மனைவியைப் ‘பட்டமகிஷி’ என்கிறோமே, அந்த மகிஷியும் இதே குடும்பத்துச் சொல்தான்.

பாலி மொழியில் இச்சொல் ‘மஹிஸ’ என்று மெலியும். அசோகர் காலத்தில் மொக்கலிபுத்த திஸ்ஸர் பல நாடுகளுக்குப் பிக்குகளை அனுப்பியதாகச் சொல்லும் இலங்கையின் மகாவம்சம், மகாதேவர் என்ற தேரர் மஹிஸமண்டலத்துக்குப் போனார் என்கிறது. அது மைசூரா, நர்மதைக்கரை மாகிஷ்மதியா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் மஹிஸ என்ற ஒலியிலிருந்து ‘மை’ வரை வந்து சேர்வது நாவுக்கு எளிது. பின்னொட்டாக நிற்கும் ‘ஊர்’ தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொதுச்சொத்து.

அசுரன் கதை தனி வழியில் வந்தது. மார்க்கண்டேய புராணத்தின் தேவி மாகாத்மியம் அதை விரித்துச் சொல்கிறது. தமிழர்க்கும் அது அந்நியமில்லை: சிலப்பதிகாரத்தின் கொற்றவை எருமைத் தலைமேல் நிற்கிறாள். மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி வடித்த குகைப் புடைப்புச் சிற்பத்தில் சிங்கத்தின்மேல் அமர்ந்து வில்லை வளைக்கிறாள் தேவி. எருமைத் தலையும் மனித உடலுமாய்க் கதாயுதம் பிடித்த மகிஷன் பின்வாங்குகிறான். ஆனாலும் உடம்பில் திமிர் குறையவில்லை.

சாமுண்டி என்ற பெயர் மகிஷனை வென்றதால் வந்ததுகூட இல்லை. சண்டன், முண்டன் என்ற வேறு இரு அசுரரை அழித்ததால் வந்தது என்பது புராணக் கணக்கு. மலைக்கும் மகாபலாத்ரி என்ற பழைய பெயர் உண்டு. மகாபலேஸ்வரர் கோயில் இன்றும் அங்கேயே இருக்கிறது. உடையார் மன்னர்களின் குலதெய்வமாகச் சாமுண்டீஸ்வரி உயர்ந்து, 1610இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ராஜ உடையார் தசராவைத் தொடங்கிய பின் ஊர், மலை, தேவி, அசுரன் எல்லாம் ஒரே கதைக்குள் இறுகிப்போயின. எருமையூர் என்ற பெயர் முந்தியது, அதில் அசுரன் பிந்திக் குடியேறினான் என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது.

அந்த அசுரனையும் எல்லோரும் அசுரனாக ஏற்பதில்லை. மகிஷன் இந்த மண்ணை ஆண்ட பௌத்த அரசன் என்று சொல்லும் தலித், பகுத்தறிவு அமைப்பினர் சில ஆண்டுகளாக ‘மகிஷ தசரா’ நடத்துகிறார்கள். அந்தச் சிலைக்கு மாலை போடுவதை ஒட்டித் தசரா நாட்களில் தகராறும் போலீஸ் காவலும் வந்துபோகின்றன.

2014 நவம்பர் 1 முதல் அரசு ஏடுகளில் ஊர் ‘மைசூரு’ ஆகிவிட்டது. கன்னடர் வாயில் அது என்றும் அப்படித்தான் இருந்தது. தமிழர் இன்னும் மைசூர் என்றே சொல்கிறார்கள். எருமையூர் என்பது அகநானூறு படிப்பவர்களோடு நின்றுவிட்டது.