எரிக்சனின் ஐந்தாம் வரிசை: மாறிய ஒரு கட்டமும் இளைஞர் ஆற்றுப்படுத்தலும்

உளப்பகுப்பாய்வாளர் எரிக் எரிக்சனின் பெயரால் ஆற்றுப்படுத்துநர் பயிற்சியில் இன்று சொல்லித்தரப்படுவதில் பெரும்பகுதி உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியாவின் வாசிப்பு. அந்த வாசிப்பு பயனுள்ளது. ஆனால் எரிக்சன் சொன்னதில் கல்விக்கு மிக வேண்டிய பகுதியை வெளியே விட்டுவிட்டது.

மார்சியா 1966இல் வெளியிட்ட ஆய்வு 86 கல்லூரி மாணவர்களைப் பற்றியது, அனைவரும் ஆண்கள். தொழில், சமயம், அரசியல் ஆகியவை குறித்து, அரைமணி நேரத்துக்குள் முடியும் ஒரு பேட்டி. பல வழிகளை எண்ணிப் பார்த்துத் தடுமாறியதுண்டா, ஏதேனும் ஒன்றில் உறுதிகொண்டாயா என்ற இரண்டையும் வைத்து மாணவர்களை நான்கு நிலைகளாகப் பிரித்தார்: அடையாளம் எய்தியவர், தேடிக்கொண்டிருப்பவர், தேடாமலே பெற்றோர் வழியை ஏற்றவர், சிதறியவர். அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் பள்ளி வழிகாட்டலுக்கும் சோதனைகளுக்கும் நிதி ஒதுக்கியிருந்த காலம் அது. அளக்கக்கூடிய கோட்பாடு வரவேற்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். இந்த அளவீடு எரிக்சனின் கருத்தைப் பிடிக்கவில்லை என்று கோட்டேயும் லெவினும் 1988இல் வாதிட்டனர். அவர்களோடு உடன்படுகிறேன். ஆனால் சான்றை எரிக்சனின் அட்டவணையிலேயே காட்ட முடியும்.

1950இல் வந்த ‘குழந்தைப் பருவமும் சமூகமும்’ நூலின் அட்டவணையில் எட்டுக்கு எட்டாக 64 கட்டங்கள். மூலைவிட்டத்தில் உள்ள எட்டு மட்டும் நிரம்பியவை. மனித வளர்ச்சிக்கு அவர் வகுத்த, எல்லோரும் அறிந்த எட்டுப் படிகள் இவைதாம். 1959இல் வந்த ‘அடையாளமும் வாழ்க்கைச் சுழலும்’ நூலிலோ இளமைக்குரிய ஐந்தாம் வரிசை முழுக்க நிரம்பியிருக்கிறது. கடந்த நான்கு பருவங்களின் பாக்கியும் வரவிருக்கும் மூன்றின் முன்னோட்டமும் இளமையில் ஒருசேர வந்து நிற்கின்றன. கைக்குழந்தையின் நம்பிக்கை இங்கே காலவுணர்வாகிறது. பள்ளிச் சிறுவனின் உழைப்பு இவ்வரிசையின் நான்காம் கட்டத்தில் வேலையைப் பற்றிய கேள்வியாகிறது.

அந்த நான்காம் கட்டத்தைப் பார்ப்போம். 1959 நூலில் அதன் ஒரு பக்கம் சாதனையை எதிர்நோக்குதல், மறுபக்கம் வேலை முடக்கம். 1968இல் வந்த ‘அடையாளம்: இளமையும் நெருக்கடியும்’ நூலில் முடக்கம் அப்படியே இருக்கிறது, எதிர்ப்பக்கத்தில் எதிர்நோக்கல் போய், தொழில் பழகுதல் வந்துவிட்டது. 1968இல் வேறு கட்டங்களும் திருத்தப்பட்டன, இதுவும் பதிப்பு வேலைதானே என்று கேட்கலாம். அப்படியல்ல. கடந்த பருவங்களுக்குரிய நான்கு கட்டங்களில் ஆக்கப் பக்கத்தின் பொருளே மாறியது இந்த ஒன்றில்தான்.

எதிர்நோக்கல் ஒருவர் மனத்துக்குள் இருப்பது. பேட்டியில் கேட்டு அறியலாம். தொழில் பழக ஆசானும் பட்டறையும் நாளும் வேண்டும். ‘என்ன படிப்பதென்று தெரியவில்லை’ என்று வந்து நிற்கும் பதினேழு வயதுப் பிள்ளை, தேடிய சுவடும் இல்லையென்றால், மார்சியாவின் பகுப்பில் சிதறியவர். 1968 அட்டவணையை வைத்துக் கேட்க வேண்டியது வேறு: இந்தப் பிள்ளைக்கு யாராவது ஒரு வேலையை அருகிருந்து பழக்கியிருக்கிறார்களா? இல்லையென்றால் குறை பிள்ளையிடம் இல்லை. தவறான இடத்தில் குறை தேடும் ஆற்றுப்படுத்தல் பிள்ளையை மேலும் முடக்கும்.

இந்த மாற்றத்துக்குத் தூண்டுதல் எது? பல்கலைக்கழகப் பட்டமே இல்லாத எரிக்சன், 1927 முதல் வியன்னாவில் பீட்டர் பிளாஸ் நடத்திய சிறு பள்ளியில் கற்பித்தபடியே உளப்பகுப்பாய்வாளர் அன்னா ஃபிராய்டிடம் தொழில் பழகியவர். 1951 முதல் அவர் பணியாற்றிய ஸ்டாக்பிரிட்ஜ் ஆஸ்டன் ரிக்ஸ் உளநல மையத்தில், மனைவி ஜோன் எரிக்சன் கைவினை, ஓவியம், நாடகம் ஆகியவற்றுக்கான திட்டத்தை உருவாக்கினார். அங்கே இளம் நோயாளிகள் மாணவர்களாக நடத்தப்பட்டனர், சொல்லித்தந்தவர்கள் கலைஞர்கள். நான்காம் கட்டத்தின் புதிய வாசகம் ஜோனின் பட்டறையிலிருந்து வந்தது என்றே கருதுகிறேன். நேரடிச் சான்று இல்லை. இருந்தும் அந்த வாசகத்துக்கு அதைவிடப் பொருந்தும் இடம் எரிக்சனின் பணிவாழ்வில் வேறில்லை.

1970இல் ஆற்றுப்படுத்தல் கல்வியாளர்களான மோஷரும் ஸ்பிரிந்தாலும் மேல்நிலைப் பள்ளி மாணவர்களையே ஆற்றுப்படுத்தவும் சிறுவர்களுக்குக் கற்பிக்கவும் பழக்கும் பாடத்திட்டத்தை முன்வைத்தார்கள். அறவளர்ச்சிக் கோட்பாட்டாளர் கோல்பர்க்கின் பக்கம் சாய்ந்த அவர்களை எரிக்சனின் வழித்தோன்றல்கள் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் நான்காம் கட்டம் வகுப்பறைக்குள் வந்தால் எப்படியிருக்கும் என்பதை மார்சியாவின் நான்கு நிலைகளைவிட அத்திட்டமே நன்றாகக் காட்டுகிறது.

நான்காம் கட்டம் மாறியதன் காலக்கணிப்பு தீரவில்லை. எரிக்சன் 1960இல் ரிக்ஸை விட்டு ஹார்வர்டுக்குச் சென்றார். மாற்றம் அதையொட்டி நேர்ந்ததென்றால் ஜோனின் பட்டறைக்கு வலு சேரும்; மிகவும் பிந்தியதென்றால் அறுபதுகளின் மாணவர் கொந்தளிப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். முதலாவதையே நான் ஏற்கிறேன். பட்டறை நடந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே பழைய வாசகம் அச்சேறியிருப்பது மட்டும் இந்த முடிவுக்கு எதிராக நிற்கிறது.