அழைப்பு மையங்களின் எல்லைக் காவல்: 'செஷன் பார்டர் கண்ட்ரோலர்' புதிய மென்பொருள் பதிப்புகளில் என்ன மாறியுள்ளது?

ஹைதராபாத்: ஹைடெக் சிட்டியிலோ கச்சிபௌலியிலோ இயங்கும் ஓர் அழைப்பு மையத்தின் ஊழியர், நியூயார்க்கில் இருக்கும் வாடிக்கையாளருடன் பேசும்போது, அவரது குரல் குறைந்தது இரண்டு வெவ்வேறு வலையமைப்புகளின் எல்லையைக் கடந்து செல்கிறது. அந்த எல்லையில் நின்று எந்த அழைப்பை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது, எந்த எண்ணை வெளியே காட்டுவது என்று தீர்மானிக்கும் மென்பொருளே 'செஷன் பார்டர் கண்ட்ரோலர்' ஆகும். சுருக்கமாக எஸ்.பி.சி. என அழைக்கப்படுகிறது. பொதுமக்கள் இதன் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. ஆனால், வங்கியிலிருந்து வரும் அழைப்பு உண்மையானதா போலியானதா என்பது முதல், வீட்டிலிருந்தே பணியாற்றும் ஊழியரின் குரல் தெளிவாகக் கேட்கிறதா என்பது வரை பலவும் இதைச் சார்ந்தே உள்ளன.

கடந்த சில ஆண்டுகளில் இம்மென்பொருளின் புதிய பதிப்புகள் பழையவற்றிலிருந்து கணிசமாக மாறியுள்ளன. தொழில்நுட்ப வளர்ச்சி மட்டும் அதற்குக் காரணமன்று; அரசுகளின் விதிகளும் மோசடிக் கும்பல்களின் சாமர்த்தியமும் சமபங்கு வகிக்கின்றன.

எங்கிருந்து வந்தது?

இணையம் வழியாகக் குரல் அழைப்புகளை ஏற்படுத்தவும் முடிக்கவும் பயன்படும் 'சிப்' என்ற நெறிமுறையின் இன்றைய வடிவம் 2002-ஆம் ஆண்டு வெளியானது. இரு முனைகளும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ளும் என்பதே அதை வடிவமைத்தவர்களின் எண்ணம். நடைமுறை வேறாக இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தீயரணுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது; ஒவ்வொரு தயாரிப்பாளரும் நெறிமுறையைத் தத்தம் விருப்பப்படி சற்றே வளைத்துப் பயன்படுத்தினர். இந்த இடைவெளியை நிரப்ப 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஆக்மி பாக்கெட் போன்ற நிறுவனங்கள் எல்லைக் கருவிகளை உருவாக்கின.

இணையத் தர நிர்ணயக் குழுவினர் இக்கருவிகளைத் தொடக்கத்தில் அவ்வளவாக விரும்பவில்லை. முனைக்கு முனை நேரடித் தொடர்பு என்ற கொள்கையை இவை முறிக்கின்றன என்பது அவர்களது மனக்குறை. எனினும், இவற்றின் பயன்பாடு பரவிவிட்டதை ஏற்றுக்கொண்டு 2010-இல் ஒரு தனி ஆவணமே வெளியிடப்பட்டது. உள் வலையமைப்பின் கட்டமைப்பை வெளியாருக்குத் தெரியாமல் மறைத்தல், ஒலித் தரவின் போக்கை ஒழுங்குபடுத்துதல், அனுமதியற்றோரைத் தடுத்தல், பழுதான செய்திகளைச் சரிசெய்தல், குரலை மறையாக்கம் செய்தல் உள்ளிட்ட பணிகளை அந்த ஆவணம் விவரிக்கிறது.

ஆக்மி பாக்கெட்டை 2013-இல் ஆரக்கிள் நிறுவனம் வாங்கியது. சோனஸ், ஜென்பேண்ட் ஆகிய இரண்டும் 2017-இல் இணைந்து ரிப்பன் கம்யூனிகேஷன்ஸ் ஆயின. மெட்டாஸ்விட்ச் நிறுவனத்தை மைக்ரோசாப்ட் 2020-இல் தன்வசமாக்கியது. இஸ்ரேலின் ஆடியோகோட்ஸ், அமெரிக்காவின் சிஸ்கோ ஆகியவையும் இச்சந்தையில் உள்ளன.

ஹைதராபாத்துக்கு இது ஏன் முக்கியம்?

ஹைடெக் சிட்டியின் அடையாளமான சைபர் டவர்ஸ் கட்டடம் 1998-இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் மைக்ரோசாப்ட் தனது இந்திய மேம்பாட்டு மையத்தை இந்நகரில் தொடங்கியது. அதன் பிறகு வந்த அழைப்பு மையங்களும் பன்னாட்டு நிறுவனங்களின் பின்னணிப் பணி அலுவலகங்களும் நகரின் மேற்குப் பகுதியையே மாற்றி அமைத்தன. இவற்றின் தொலைபேசி அமைப்புகள் நீண்ட காலம் கடுமையான விதிகளின் கீழ் இயங்கின. 'பிற சேவை வழங்குவோர்' என்ற பிரிவில் பதிவு செய்ய வேண்டும். சில வசதிகளுக்கு வங்கி உத்தரவாதம் செலுத்த வேண்டும். உள்நாட்டு மையமும் பன்னாட்டு மையமும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

கொரோனா பெருந்தொற்று இதைப் புரட்டிப் போட்டது. 2020 மார்ச்சில் வீட்டிலிருந்து பணியாற்றுவதற்கான நிபந்தனைகளைத் தொலைத்தொடர்புத் துறை தளர்த்தியது. 2020 நவம்பர் 5-ஆம் தேதி வெளியான புதிய வழிகாட்டுதல்கள் பதிவையும் வங்கி உத்தரவாதத்தையும் நீக்கின. 2021 ஜூன் 23-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட அடுத்த கட்டத் தளர்வு, உள்நாட்டு மற்றும் பன்னாட்டு மையங்களுக்கு இடையிலான வேறுபாட்டை அகற்றியது. தொலைபேசி இணைப்பகம் உலகின் எந்த நாட்டிலும் இருக்கலாம் என்றும், தொலைவிலிருக்கும் ஊழியர் சாதாரண அகன்ற அலைவரிசை இணைப்பு வழியாகவே அதனுடன் இணையலாம் என்றும் கூறியது.

விதி தளர்ந்த மறுநாளே தொழில்நுட்பம் தயாராகிவிடுவதில்லை. அலுவலகத்துக்குள் ஆயிரம் இருக்கைகள் இருந்தபோது எல்லை ஒன்றே. ஆயிரம் ஊழியர்களும் கூகட்பள்ளியிலும் வாரங்கலிலும் விஜயவாடாவிலும் தத்தம் வீட்டு வைஃபையில் அமர்ந்தபோது, எல்லைகளும் ஆயிரமாயின. வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினியின் முகவரியைக் கண்டறிந்து ஒலித் தரவைச் சரியாகத் திருப்பி அனுப்புவது, இணைப்பு மெலியும்போது குரலைக் காப்பது ஆகியன எஸ்.பி.சி.யின் பொறுப்பில் வந்து சேர்ந்தன. எனவேதான் அண்மைப் பதிப்புகளில் இணைய உலாவி வழி அழைப்புகளுக்கான ஆதரவும், 'ஓபஸ்' என்ற நெகிழ்வான ஒலிக் குறிமுறைக்கான ஆதரவும் முன்னிலை பெற்றுள்ளன. பழைய ஜி.711 குறிமுறைக்கு நொடிக்கு 64 கிலோபிட் நிலையாகத் தேவை. ஓபஸ் 6 கிலோபிட் வரை இறங்கியும் இயங்கக்கூடியது. ஆனால், ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பணி செயலியின் ஆற்றலைப் பெருமளவு விழுங்கும். ஒரே இயந்திரம் கையாளும் அழைப்புகளின் எண்ணிக்கை குறையும். விற்பனைக் கையேடுகளில் இந்தச் செய்தி வழக்கமாகச் சிறிய எழுத்துகளிலேயே இருக்கும்.

தளர்த்தப்படாத விதி ஒன்றும் உண்டு. நீண்ட தொலைவு அழைப்புக் கட்டணத்தைத் தவிர்க்கும் நோக்கில், நிறுவனத்தின் உள் இணையவழிக் குரலையும் பொதுத் தொலைபேசி வலையமைப்பையும் கலந்துவிடுதல் இந்தியாவில் அனுமதிக்கப்படுவதில்லை. இதற்காகவே மைக்ரோசாப்ட் டீம்ஸில் 'இருப்பிடம் சார்ந்த வழிப்படுத்தல்' என்ற வசதியும், சிஸ்கோ இணைப்பகங்களில் 'தர்க்கப் பிரிவினை' என்ற வசதியும் உள்ளன. அழைப்பு எந்த ஊரின் எந்த டிரங்க் வழியாக வெளியேற வேண்டும் என்பதை எஸ்.பி.சி.யும் அறிந்திருந்தால்தான் இவை பயன்படும். பதிப்பை மேம்படுத்தும்போது இந்த அமைப்பு ஒரு வரி பிசகினாலும் அழைப்புகள் வழக்கம்போலவே செல்லும். சட்டம் மட்டும் மீறப்பட்டிருக்கும். யாரும் உடனே கவனிக்க மாட்டார்கள் என்பதே இதில் உள்ள ஆபத்து.

போலி எண்களுக்கு எதிராக

புதிய பதிப்புகளில் அதிகம் பேசப்படும் வசதி, அழைப்பவர் எண்ணுக்கு மின்னணுக் கையொப்பமிடும் 'ஸ்டிர்-ஷேக்கன்' முறை. அழைப்பைத் தொடங்கும் நிறுவனம், அந்த எண் குறித்துத் தான் அறிந்ததை மூன்று தரங்களில் சான்றளிக்கிறது. வாடிக்கையாளரையும் அவருக்கு அந்த எண்ணைப் பயன்படுத்தும் உரிமை உண்டு என்பதையும் அறிந்திருந்தால் 'ஏ' தரம். வாடிக்கையாளரை மட்டும் அறிந்திருந்தால் 'பி'. வேறெங்கிருந்தோ வந்த அழைப்பைக் கடத்திவிடுவது மட்டுமே எனில் 'சி'. அமெரிக்காவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் 2021 ஜூன் 30-க்குள் இம்முறையை நடைமுறைப்படுத்த வேண்டியதாயிற்று. கனடாவும் பிரான்சும் இதே வழியைப் பின்பற்றின.

ஹைதராபாத் மையம் ஒன்று தன் அமெரிக்க வாடிக்கையாளர் நிறுவனத்தின் எண்ணைக் காட்டி அழைக்கும்போது, இந்தத் தரமே அதன் தொழிலைத் தீர்மானிக்கக்கூடும். சி தரத்துடன் செல்லும் அழைப்பு, மறுமுனையில் 'மோசடியாக இருக்கலாம்' என்ற எச்சரிக்கையுடன் ஒலிக்கும் வாய்ப்பு அதிகம். அத்தகைய அழைப்பை யார் எடுப்பார்கள்? கையொப்பத்தைச் சேர்ப்பதும், இடைவழியில் அது சிதையாமல் கடத்துவதும் எஸ்.பி.சி.யின் வேலை. பழைய பதிப்புகள் தமக்குப் புரியாத தலைப்பகுதிகளை நீக்கிவிடும் இயல்புடையவை. அதனால் ஏ தரத்துடன் புறப்பட்ட அழைப்பு வெறுங்கையுடன் போய்ச் சேரும்.

இந்தியா தேர்ந்தெடுத்த வழி வேறு. வெளிநாட்டிலிருந்து இந்திய எண்ணைக் காட்டி வரும் போலி அழைப்புகளைத் தடுக்கும் மத்திய அமைப்பை, தொலைத்தொடர்பு அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா 2024 அக்டோபர் 22-ஆம் தேதி தொடங்கி வைத்தார். பன்னாட்டு நுழைவாயிலுக்கு +91 எண்ணுடன் ஓர் அழைப்பு வந்தால், அந்த எண்ணுக்குரியவர் உண்மையிலேயே வெளிநாட்டு ரோமிங்கில் உள்ளாரா என்று சரிபார்க்கப்படும். இல்லையெனில் அழைப்பு துண்டிக்கப்படும். முதல் 24 மணி நேரத்திலேயே சுமார் 1.35 கோடி அழைப்புகள், அதாவது இந்திய எண்ணுடன் உள்வந்த பன்னாட்டு அழைப்புகளில் ஏறத்தாழ 90 சதவீதம், போலியானவை எனக் கண்டறிந்து தடுக்கப்பட்டதாக அரசு தெரிவித்தது. 'டிஜிட்டல் கைது' என்ற பெயரில் முதியவர்களின் சேமிப்பைச் சுருட்டும் கும்பல்களுக்கு இத்தகைய அழைப்புகளே முதல் ஆயுதம். தொலைத்தொடர்புச் சட்டம் 2023-இன்படி, தொலைத்தொடர்பு அடையாளங்களைத் திரிப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

உள்நாட்டு அழைப்புகளுக்கும் எண் ஒழுங்கு வந்துவிட்டது. விளம்பர அழைப்புகளுக்கு 140 வரிசையும், நிதி நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கு 160 வரிசையும் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒரே கூரையின்கீழ் இரு வகைப் பணிகளையும் செய்யும் மையத்தில், எந்தப் பிரிவின் அழைப்பு எந்த எண்ணுடன் வெளியேற வேண்டும் என்பதை எல்லைக் கருவியிலேயே பூட்டி வைப்பது பாதுகாப்பானது.

வார இறுதித் திருட்டு

போலி எண்ணுக்கு நிகரான இன்னொரு தொல்லை, கட்டண மோசடி. இணையத்தில் திறந்து கிடக்கும் சிப் இணைப்பகங்களைத் தானியங்கி நிரல்கள் ஓயாமல் தேடிக்கொண்டிருக்கின்றன. பலவீனமான கடவுச்சொல் ஒன்று சிக்கினால், அலுவலகம் பூட்டியிருக்கும் வார இறுதியில் அதிகக் கட்டண வெளிநாட்டு எண்களுக்கு ஆயிரக்கணக்கான அழைப்புகள் பறக்கும். கட்டணத்தில் ஒரு பங்கு மோசடிக்காரரின் கைக்குப் போகும். பில் வரும்போதுதான் உரிமையாளருக்கே தெரியவரும். முன்பு கருவிகள் நொடிக்கு இத்தனை அழைப்புகள் என்ற வரம்பை மட்டுமே விதித்தன. இப்போதைய பதிப்புகள் நாடு, நேரம், கால அளவு ஆகியவற்றின் வழக்கமான போக்கைக் கவனித்து, அதிலிருந்து விலகும் அழைப்புகளை நிறுத்த முயல்கின்றன. அந்த வசதியை யாராவது இயக்கி வைத்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

சான்றிதழ் தலைவலி

வெளியில் அதிகம் பேசப்படாத, ஆனால் நிர்வாகிகளை மிகவும் கவலைக்குள்ளாக்கும் மாற்றம் மின்னணுச் சான்றிதழ்கள் தொடர்பானது. மைக்ரோசாப்ட் டீம்ஸ் போன்ற தளங்களுடன் எஸ்.பி.சி.யை இணைக்க, பொதுச் சான்றளிப்பு அமைப்பிடமிருந்து பெற்ற சான்றிதழ் தேவை. இதன் ஆயுள் 398 நாள்களாக இருந்தது. சான்றளிப்பு அமைப்புகளும் உலாவித் தயாரிப்பாளர்களும் அடங்கிய மன்றம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, இது 2026 மார்ச் 15 முதல் 200 நாள்களாகவும், 2027 மார்ச் 15 முதல் 100 நாள்களாகவும், 2029 மார்ச் 15 முதல் 47 நாள்களாகவும் குறைகிறது. ஆண்டுக்கு ஒரு முறை கையால் செய்த வேலையை இனி ஆண்டுக்கு எட்டு முறை செய்ய நேரிடும். ஒரு முறை மறந்தாலும் டிரங்க் முழுவதும் அமைதியாகிவிடும். எனவே சான்றிதழைத் தானாகவே புதுப்பிக்கும் 'ஆக்மி' நெறிமுறைக்கான ஆதரவு, ஒரு பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய அம்சமாகிவிட்டது. மேற்கண்ட ஆக்மி பாக்கெட் நிறுவனத்துக்கும் இந்நெறிமுறைக்கும் பெயரொற்றுமை தவிர வேறு தொடர்பில்லை.

மேம்படுத்தும் நேரம்

இக்கருவி பெரும்பாலும் இணையாக இரண்டு பொருத்தப்படும். ஒன்று இயங்கும், மற்றொன்று காத்திருக்கும். காத்திருப்பதை முதலில் புதிய பதிப்புக்கு மாற்றி, அழைப்புகளை அதன் பக்கம் திருப்பி, பிறகு மற்றதை மாற்றுவதே வழக்கமான முறை. இந்த வேலையை நள்ளிரவில் செய்வது உலக மரபு. ஹைதராபாத்தில் அது பொருந்தாது. இங்கு நள்ளிரவு என்றால் கோடைக்கால நியூயார்க்கில் பிற்பகல் 2.30 மணி, அழைப்புகள் உச்சத்தில் இருக்கும் வேளை. ஆகவே அமெரிக்கப் பணிகளைக் கையாளும் மையங்களுக்கு முற்பகல் 11 மணியே பொருத்தமானது. அங்கு அப்போது அதிகாலை 1.30.

கருவி இருக்கும் இடமும் மாறிவருகிறது. முன்பு இது அலுவலகத்தின் சர்வர் அறையில் அடுக்கப்பட்ட பெட்டி. இப்போது பெரும்பாலான தயாரிப்பாளர்கள் மேகக் கணிமையில் இயங்கும் மென்பொருள் வடிவிலும் வழங்குகின்றனர். அமேசான் வெப் சர்வீசஸ் தனது ஹைதராபாத் மண்டலத்தை 2022 நவம்பரில் திறந்தது. இதனால் தரவு நகரைவிட்டு வெளியேறாமலேயே மேகத்துக்குச் செல்வது சாத்தியமாகியுள்ளது. எனினும் ஒரேயடியாகப் பெட்டியைத் தூக்கி எறிவது உசிதமன்று. இணைய இணைப்பு அறுந்தாலும் உள்ளூர்த் தொலைபேசி இணைப்பு வழியாக 112 போன்ற அவசர எண்களை அழைக்கும் வசதி, கிளை அலுவலகத்தில் இருக்கும் சிறு எல்லைக் கருவியாலேயே கிடைக்கிறது. வீட்டிலிருந்து பணியாற்றுவோர் அலுவலக மென்பொருள் வழியாக அவசர எண்ணை அழைத்தால், அழைப்பு அலுவலகம் உள்ள ஊரின் கட்டுப்பாட்டு அறைக்குச் சென்றுவிடக்கூடும். அழைப்பவரின் இருப்பிடத் தகவலைக் கூடவே அனுப்பும் வசதி புதிய பதிப்புகளில் உள்ளது. அமெரிக்காவில் அலுவலகத் தொலைபேசிகள் இருப்பிடத்தை அனுப்புவது சட்டப்படியே கட்டாயம். அதுவரை, வாரங்கலில் வீட்டிலிருந்து பணியாற்றும் ஊழியர் ஆம்புலன்ஸ் அழைக்கத் தமது சொந்தக் கைப்பேசியைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.