எண்ணெயும் அரசும்: பெரெஸ் அல்பொன்சோவின் பணி

நிலத்தடி வளம் ஒரு நாட்டுக்கு உரியதாயிருத்தல் வேறு. அவ்வளத்தின் விலையை அந்நாடே நிர்ணயித்தல் வேறு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எண்ணெய் வளமிக்க நாடுகள் பல முன்னையதைப் பெற்றிருந்தனவேயன்றிப் பின்னையதைப் பெற்றிருக்கவில்லை. இந்நிலையை மாற்ற முயன்றோருள் வெனிசுவேலாவின் ஹுவான் பப்லோ பெரெஸ் அல்பொன்சோ முதன்மையானவர்.

சட்டத்தரணியான இவர் 1945 முதல் 1948 வரை அபிவிருத்தி அமைச்சராகக் கடமையாற்றினார். எண்ணெய்க் கம்பனிகளின் இலாபத்திற் பாதியேனும் அரசுக்குச் சேரவேண்டும் என்பதை 1948 நவம்பரில் இயற்றப்பட்ட வரிச்சட்டம் உறுதிசெய்தது. அதே மாதத்தில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அமைச்சர் சிறைப்பட்டுப் பின் நாடு கடத்தப்பட்டார். ஆயினும் அவர் வகுத்த சமபங்குமுறை அழியவில்லை. 1950இல் சவூதி அரேபியாவும் அதனைப் பின்பற்றியது.

வாஷிங்டனில் வாழ்ந்த காலத்தில் ரெக்சாஸ் புகையிரத ஆணைக்குழுவின் செயன்முறையை அவர் ஆழ்ந்து கற்றார். பெயருக்கு மாறாக, அவ்வாணைக்குழு எண்ணெய்க் கிணறுகளின் உற்பத்தியை வரையறுத்து விலைவீழ்ச்சியைத் தடுத்துவந்தது. அமெரிக்காவின் ஒரு மாநிலத்துக்கு இயலுவது இறைமையுள்ள நாடுகள் ஒன்றுபட்டால் இயலாதா என்பதே அவருள் எழுந்த வினா. எடுக்க எடுக்கக் குறைந்துபோகும் வளத்தை மலிவாய் விற்றல், வருந்தலைமுறையின் முதுசத்தை அழித்தலாகும் என அவர் கருதினார்.

1959இல் மக்களாட்சி மீண்டபோது அவர் சுரங்க, ஐதரோகாபன் அமைச்சரானார். அவ்வாண்டு ஏப்பிரலிற் கெய்ரோவில் நிகழ்ந்த அராபியப் பெற்றோலிய மாநாட்டின்போது, ரெக்சாஸ் பல்கலைக்கழகத்திற் பயின்ற சவூதி அதிகாரி அப்துல்லா தாரிக்கியுடன் இரகசிய இணக்கமொன்றை ஏற்படுத்தினார். 1960 ஓகத்தில் ஸ்ராண்டர்ட் ஒயில் கம்பனி, உற்பத்தி நாடுகளைக் கேளாமலே தன் அறிவிப்பு விலையைக் குறைத்தது. ஏனைய கம்பனிகளும் அவ்வழி சென்றன. மத்திய கிழக்கு நாடுகளின் வருமானம் அவ்விலையைக் கொண்டே கணிக்கப்பட்டமையால், கம்பனிகளின் தீர்மானம் அரசுகளின் திறைசேரியை நேரே தாக்கிற்று. அடுத்த மாதமே ஈரான், ஈராக், குவைத், சவூதி அரேபியா, வெனிசுவேலா ஆகிய ஐந்து நாடுகளும் பக்தாத்திற் கூடி ஒபெக் அமைப்பை நிறுவின.

எனினும் அவர் பெரிதும் விரும்பிய உற்பத்திக் கட்டுப்பாட்டைத் தோழமை நாடுகள் அன்று ஏற்கவில்லை. ஒபெக் உற்பத்திப் பங்கீட்டை நடைமுறைப்படுத்தியது 1982இல். அவர் 1979இலேயே காலமாகிவிட்டார். 1973-74இல் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்தபோதும் அவர் மகிழ்ந்தாரல்லர். பெருகிவந்த பணம் வீண்செலவையும் ஊழலையும் கடனையும் வளர்க்கும் என எச்சரித்து, எண்ணெயைப் பேயின் மலம் எனவே இகழ்ந்தார். வெனிசுவேலாவின் பிற்கால வரலாறு அவ்வெச்சரிக்கைக்குச் சான்றாயிற்று.

வளத்துக்கு உரிய விலையைப் பெறுதல், பெற்ற பொருளை அளவறிந்து செலவிடுதல் என எண்ணெய் அமைச்சரின் முன்னுள்ள பணிகள் இரண்டு. முன்னையதற்கு அந்நியக் கம்பனிகளை எதிர்த்தல் வேண்டும். பின்னையதற்குத் தன் அரசையே எதிர்த்தல் வேண்டும். பெரெஸ் அல்பொன்சோ முதலாவதில் வழிகாட்டினார். இரண்டாவதில் அவர் குரல் கேளாதொழிந்தமையே வெனிசுவேலா மக்களின் பேரிழப்பு எனலாம்.