தலைமேலும் தலைக்குள்ளும்: வலிப்பு நோயின் மின்பதிவு வரலாறு

வலிப்பு, இழுப்பு, காக்காய் வலிப்பு எனத் தமிழில் இந்நோய்க்கு வழங்கும் பெயர்கள் கண்ணுக்குத் தெரியும் கைகால் இழுப்பையே சுட்டுகின்றன. நோய் பிறக்கும் இடம் மூளை; பெயர் நிற்பதோ உடலின் புறத்தே. பெயரிட்டோரைக் குறைகூற இயலாது. மண்டையோட்டுக்குள் நிகழ்வதை அறிய வழியற்ற காலத்தில் தோன்றிய பெயர்கள் அவை. அவ்வழி பிறந்த வரலாற்றையும், வெளியே பெற்ற பதிவும் உள்ளே பெற்ற பதிவும் எங்கே வேறுபட்டன என்பதையும் இவ்வுரையில் காண்போம்.

செருமனியின் யேனா நகரில் உளநோய் மருத்துவராக விளங்கிய ஹான்ஸ் பெர்கர், 1924ஆம் ஆண்டில் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். அறுவைச் சிகிச்சையால் மண்டையோட்டின் ஒரு பகுதி நீக்கப்பட்டிருந்த நோயாளிகளிடமே அவர் தொடங்கினார். பின்னர் ஓடு முழுமையாக உள்ளோரிடமும் முயன்றார். தம் மகன் கிளாவுஸின் தலையிலும் மின்முனைகளைப் பொருத்தினார். ஆகவே உள்ளும் புறமும் என்னும் ஒப்பீடு இத்துறையின் பிறப்பிலேயே இருந்தது. 1929இல் வெளிவந்த அவரது கட்டுரையைப் பலர் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மாத்யூஸும் அதே அலைகளைக் கண்ட பின்னரே ஐயம் தணிந்தது.

மறு ஆண்டே பாஸ்டனில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகியோர், சில நொடிகள் நினைவு தப்பி வெறித்து நோக்கும் நோயாளிகளிடம் நொடிக்கு 3 முறை எழும் கூர்முனை அலைகளைத் தலைத்தோலின்மேல் பதிவு செய்தனர். ஆசிரியப் பெருமக்கள் இதைச் சற்று நின்று நோக்க வேண்டும். இவ்வகை வலிப்பில் கைகால் இழுப்பதில்லை. பாடம் நடக்கையில் பிள்ளை நொடிப்பொழுது உறைந்து மீளும். நாமும் இளமையில் கற்பித்த பள்ளியொன்றில் அத்தகைய மாணவனைக் கவனமற்றவன் எனக் கடிந்ததுண்டு. அவனது நோய் பிறகே தெரியவந்தது.

ஆயினும் எல்லா வலிப்பும் இவ்வாறு வெளியே புலப்படுவதில்லை. மின்சாரத்தை எளிதில் கடத்தாத எலும்பு, மூளையின் அலையைத் தேய்த்தும் பரப்பியும் விடுகிறது. கண்ணிமைப்பும் தாடையசைவும் எழுப்பும் மின்னலைகள் மேலே வந்து கலக்கின்றன. தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்துக்கு அப்பால் நிற்பவருக்குக் கூட்டம் ஒருசேர எழுப்பும் முழக்கம் கேட்கும். ஒருவர் மற்றவரிடம் கூறும் சொல் கேளாது. அதுபோன்றதே இதுவும்.

எனவே அறுவை மருத்துவர்கள் உள்ளே செல்ல நேர்ந்தது. மொன்றியாலில் பென்ஃபீல்டும் ஜாஸ்பரும் மூளைப் புறணியின்மேலேயே மின்முனைகளை வைத்துப் பதிவு செய்தனர். பாரிசில் தலைராக்கும் பாங்கோவும் மெல்லிய மின்முனைகளை மூளையின் ஆழத்துக்கே செலுத்தும் முறையை 1950களின் இறுதியில் உருவாக்கினர். பிற்காலத்தில் இரு பதிவுகளும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டன. 2005இல் வெளியான சிகாகோ ஆய்வொன்றின்படி, புறணியில் 10 சதுர சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் எழுந்த கூர்முனை அலைகளில் 90 விழுக்காடு தலைத்தோலிலும் தெரிந்தன. அதனினும் சிறிய பரப்பில் எழுந்தவற்றில் தெரிந்தவை 10 விழுக்காடே. 6 சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தவற்றில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

இதைக் கேட்டதும் உட்பதிவே உண்மை, வெளிப்பதிவு அதன் மங்கிய நகல் என்று எண்ணத் தோன்றும். அது பிழை. உள்ளே வைத்த மின்முனை தன் அண்டை அயலை மட்டுமே அறியும். வைக்காத இடத்தைப் பற்றி அது எதுவும் கூறாது. வேறிடத்தில் தோன்றிப் பரவி வந்த வலிப்பை, அங்கேயே தோன்றியதாகக் காட்டிவிடவும் கூடும். மண்டையோட்டைத் திறப்பதில் குருதிக்கசிவு, தொற்று ஆகிய இடர்களும் உண்டு. ஆகையால் மருந்துக்கு அடங்காத நோயுடையோரில் அறுவைக்கு ஏற்றவர் எனக் கருதப்படுவோர்க்கே அது செய்யப்படுகிறது. எங்கே பொருத்துவது என்பதை முன்கூட்டி உணர்த்துவனவற்றுள் வெளிப்பதிவே முதன்மையானது.

மொழியியலாருக்கு இவ்வரலாற்றில் தனிப் பங்குண்டு. 2014இல் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள், மூளைமேல் மின்முனை பொருத்தப்பட்டிருந்த 6 நோயாளிகளுக்கு ஆங்கில வாக்கியங்களை ஒலிக்கச் செய்தனர். செவிப்பக்க மூளையின் மேல்மடிப்பில் சில இடங்கள் வெடிப்பொலிகளுக்கும், சில உரசொலிகளுக்கும், சில மூக்கொலிகளுக்கும் சிறப்பாக எதிர்வினை காட்டின. ஒலி பிறக்கும் இடத்தைவிடப் பிறக்கும் முறையே அங்கு மிகுதியாகப் பிரித்தறியப்பட்டது. வல்லினம், மெல்லினம் என்னும் நம் பாகுபாடு உடனே நினைவுக்கு வரும். அதைத் தொல்காப்பியத்துக்கு மூளை அளித்த சான்று என மேடையில் முழங்குவோரையும் நாம் கேட்டிருக்கிறோம். அவர்கள் கேட்டது ஆங்கிலம். இடையினத்தின் ஆறெழுத்தும் அங்கே ஓரினமாக நிற்கவில்லை. அத்துடன், அறுவரும் மொழியாய்வுக்காக மருத்துவமனைக்கு வந்தவர் அல்லர். மின்முனைகள் பொருத்தப்பட்டதும் அவர்தம் வலிப்பின் தோற்றுவாயைத் தேடியே. அத்தேடலுக்காகப் படுக்கையில் இருந்த நாள்களில்தான் அவர்கள் அவ்வாக்கியங்களைக் கேட்டனர்.