கவர் ஆட்டக்காரர் (இளையோர் கபடி)

கபடியில் பாடி வருபவரை (ரைடரை) தடுத்து மறிக்கும் பிடிப்பாளர்களில் ஒருவகையினர் கவர் ஆட்டக்காரர். எழுவர் அணிவகுப்பில் இரு ஓரங்களிலும் கார்னர், அவர்களை அடுத்து இன், அதற்கு உட்புறம் கவர், நடுவில் சென்டர் என்பது வழக்கமான வரிசை. இன், சென்டர் இடங்களில் பெரும்பாலும் ரைடர்களே நிற்பர். கார்னர் கணுக்காலையோ தொடையையோ பற்றுவார். வந்தவர் நடுக்கோட்டை நோக்கித் திரும்பும் நொடியில் குறுக்கே உடம்பைப் போட்டு மறிப்பதும், டேஷ் அடித்து எல்லைக்கு வெளியே தள்ளுவதும் கவரின் வேலை. கால் பிடிபட்டவரை மேலே விழுந்து அமுக்குவதும் அவரே. ஆனால் புரோ கபடி லீகின் கணக்கில் ஒரு பிடி ஒருவர் பெயரில்தான் ஏறுகிறது. கூட விழுந்து புரண்டவர்கள் உதவியாளர்களாகவே நின்றுவிடுகிறார்கள். 

இளையோர் அணியைத் தாங்குபவர்கள் இந்தப் பிடிப்பாளர்களே என்பதற்கு ஆட்டவிதியே சான்று. நட்சத்திர ரைடர் பிடிபட்டால் வெளியே உட்கார வேண்டும். அவர் திரும்பி வர, சக வீரர்கள் எதிரணியில் ஒருவரை அவுட் ஆக்க வேண்டும். போனஸ் கோட்டைத் தாண்டிப் பெறும் போனஸ் புள்ளி யாரையும் உள்ளே அழைத்து வராது. இன்னொரு ரைடர் தொட்டு மீட்கலாம்தான், ஆனால் இளையோர் அணிகளில் இரண்டாவது நல்ல ரைடர் அமைவது அரிது. ஆகவே மீட்பு பெரும்பாலும் பிடியில்தான் இருக்கிறது. வயதோடு எடைக்கும் வரம்பு உண்டு என்பதால், இருவர் சேர்ந்து அழுத்தும் எடையை எந்தத் தனி ரைடராலும் எளிதில் இழுத்துச் செல்ல முடியாது.

ரைடர்தான் அதிகப் புள்ளி தருகிறார் என்று மறுப்பவர்கள் உண்டு. உண்மைதான், ஆனால் எண்ணிக்கை வேறு, வேளை வேறு. மூவரோ அதற்குக் குறைவானவர்களோ நிற்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிளுக்கு இரண்டு புள்ளி. பிடிக்கத் தவறினால் அணி முழுவதும் வெளியேறும் ஆல் அவுட்டும் எதிரணிக்கு இரண்டு கூடுதல் புள்ளியும் நெருங்கிவிடும். புரோ கபடி லீகில் இதற்கு எடுத்துக்காட்டும் உண்டு: 2022-இல் தமிழ் தலைவாஸ் அணி 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்த நட்சத்திர ரைடர் பவன் ஷெராவத் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்து வெளியேறினார். அதற்கு முன்பு ஒருமுறைகூட அரையிறுதியைத் தொடாத அணி, அந்தப் பருவத்தில்தான் தொட்டது. புதுமுக ரைடர் நரேந்தருக்கும் அதில் பங்குண்டு; அவரைக் களத்தில் வைத்திருந்தது சாகர், சாஹில் குலியா, எம். அபிஷேக் ஆகியோர் அடங்கிய தடுப்பு வரிசை. தஞ்சை மாவட்டத்தின் தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைக் கடந்த பின் 2016-இல் பாட்னா பைரேட்ஸுக்குக் கோப்பை வென்று தந்ததும் கார்னரில் நின்றுதான். வேகம் வயதோடு போய்விடும், பிடிக்கும் நேரம் பார்க்கும் அறிவு போவதில்லை.

முரட்டு ஆட்டத்தைச் சிறுவர்களுக்குப் பழக்கலாமா என்ற கேள்வி அந்த மறுப்பைவிடக் கனமானது. மூச்சை அடக்க வாயைப் பொத்துவது, கத்தரிப் பிடி போடுவது, தலைமுடியையோ உடையையோ இழுப்பது எல்லாம் விதிப்படி குற்றம். நகம் வெட்டியிருக்க வேண்டும் என்பதும் விதி. மஞ்சள் அட்டை பெற்றவர் இரண்டு நிமிடம் வெளியே இருக்க, அணி ஆள் குறைந்து ஆடும். அதனால் முரடர் அணிக்குச் சுமை, உறுதியானவரே சொத்து. பயிற்சியாளர்கள் இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொடுப்பதைவிட, உயரமான பையனை ரைடராக்குவதில்தான் முனைப்பாக இருக்கிறார்கள்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியா இரு பிரிவிலும் ஈரானை வென்று தங்கம் பெற்றது. பெண்கள் இறுதி 75-21; சென்னை கண்ணகி நகர் கார்த்திகா அதில் ஆடினார். ஆண்கள் இறுதி 35-32. ஒரு சூப்பர் டேக்கிளும் ஒரு பிடியும் சேர்ந்தால் வரும் வித்தியாசம் அது. அந்த உயரத்தை எட்ட விரும்பும் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டார இளைஞர்களுக்கு மாநில அணிக்கான வழி மாவட்டத் தேர்வின் ஊடாகவே.