வேரின் சிவப்பு

கிரேக்கர்களின் உயிர்த்த ஞாயிறு முட்டைக்கு மரபில் நிறம் ஒன்றுதான்: சிவப்பு. பெரிய வியாழனன்று முட்டைகளை அவித்துச் சாயமேற்றி வைப்பார்கள். தவக்காலம் முழுவதும் முட்டை விலக்கு. ஆகவே நோன்பு முடிந்ததும் ஒருவர் முட்டையை மற்றவர் முட்டையோடு மோதி உடைத்து உண்பது அவர்களுக்குப் பெரிய கொண்டாட்டம்.

ஜேர்மனியில் எங்கள் தொடர்மாடியில், 1960களில் தொழிற்சாலை வேலைக்கு வந்த கிரேக்கக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அந்த வீட்டு மூதாட்டி தரும் முட்டையில் கடைத்தூளின் பளிச்சென்ற சிவப்பு இராது. செங்கல்லும் மாதுளையும் கலந்த நிறம். எதில் சாயம் எடுக்கிறீர்கள் என்று கேட்டபோது காய்ந்த வேர்த்துண்டுகளைக் காட்டி, "ரிஸாரி" என்றார். கிரேக்கத்தில் ரிஸா என்றால் வேர்.

ஒரு கைப்பிடி வேரை இடித்து இரவு முழுக்க ஊறவிடுகிறார். காலையில் அரைமணி நேரம் மெல்லிய சூட்டில் வைத்து, வடித்து, வினாகிரி சேர்த்து, ஆறிய நீரில் வெள்ளை முட்டைகளை இட்டு மெதுவாக அவிக்கிறார். வினாகிரி ஓட்டின் மேற்பரப்பைச் சற்று அரித்துவிடுவதால் நிறம் பற்றிக்கொள்கிறது. வெங்காயச் சருகிலும் சாயம் ஏறும், ஆனால் கபிலம் தூக்கும். கடைசியில் ஒலிவ் எண்ணெய் தொட்ட துணியால் ஒவ்வொன்றையும் துடைத்து எடுப்பார்.

இந்த வேரால் ஓர் ஊரே வாழ்ந்தது. தெசலியில், ஒசா மலைச்சரிவில் இருக்கும் அம்பெலாக்கியா. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வூரார் பருத்தி நூலுக்கு ரிஸாரிச் சிவப்பேற்றி வியன்னாவுக்கும் ஜேர்மன் நகரங்களுக்கும் அனுப்பினார்கள். 1778இல் கூட்டாகச் சேர்ந்து வணிகச் சங்கமும் அமைத்தார்கள். அதன் தலைவர்களில் ஒருவர் கியோர்கியோஸ் மாவ்ரோஸ். மாவ்ரோஸ் என்றால் கறுப்பு; சிவப்பு விற்ற அந்த மனிதர் ஜேர்மன்காரர்களுக்காக அதையே 'ஷ்வார்ட்ஸ்' என்று மொழிபெயர்த்துக்கொண்டார். (வந்த நாட்டுக்காரர் வாயில் நுழையப் பெயரை மாற்றுவது நாங்கள் தொடங்கிவைத்த வழக்கமல்ல.) அவருடைய மாளிகை இன்று அருங்காட்சியகம். பிறகு இங்கிலாந்தின் இயந்திர நூல் மலிவாக வந்திறங்கியது. 1811இல் ஆஸ்திரிய அரசும் திவாலானது. அந்த வணிகம் மீளவில்லை.

வேருக்கு விழுந்த அடி அதற்கும் பிந்தியது. அதன் சிவப்புப் பொருளை 1826இல் பிரெஞ்சு வேதியியலாளர் இருவர் பிரித்தெடுத்தார்கள். அலிசரின் என்று பெயர். 1868இல் ஜேர்மனியில் கிரேபேயும் லீபர்மானும் நிலக்கரித் தாரில் கிடைக்கும் ஒரு பொருளிலிருந்து அதையே செய்துகாட்டினார்கள். சில ஆண்டுகளுக்குள் ஆலை அலிசரின் சந்தையை நிரப்பியது.

சோழமண்டலக் கரையிலும் அந்த அடி விழுந்தது. எங்கள் சாயவேர், அதாவது இம்பூறல், வேறொரு செடிதான். ஆனால் அதிலும் இருப்பது இதே அலிசரின். ஐரோப்பா விரும்பி வாங்கிய நம் துணிகளின் சிவப்பு அதில் வந்ததே. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அதைத் தோண்டுவது கொம்பனியின் கட்டுப்பாட்டில் இருந்தது. கிரேக்கரைப் போல நாங்களும் அதை வேர் என்றே அழைத்தோம்.

நூலைவிட்டு விரட்டப்பட்ட ரிஸாரி முட்டைச் சட்டிக்குள் ஒதுங்கிக்கொண்டது. வருடத்தில் ஒரு வியாழன், ஒரு டசின் முட்டை. ஒரு வேரின் பெயர் வீட்டுப் பேச்சில் நிலைக்க அது போதுமாக இருந்திருக்கிறது. என் அம்மம்மாவின் குசினியில் மஞ்சளுக்கு இடம் இருந்தது, சாயவேருக்கு இல்லை. மன்னார்ப் பக்கம் மணலில் முன்பு தோண்டுவார்களாம் என்று மட்டும் சொல்லுவார்.