இப்னு கல்தூன்: ஆசிரியர்கள் வாசிக்காமல் விட்ட அத்தியாயம்

ஆசிரியர் கலாசாலையில் நான் பயின்ற காலத்தில் கல்விச் சமூகவியல் பாடம் ஒகஸ்ட் கொம்டில் தொடங்கி எமில் டேர்க்கைமில் போய் நிற்கும். இடையில் இப்னு கல்தூனுக்கு ஒரேயொரு வரி: அவரையும் சிலர் முன்னோடியாகக் கருதுகின்றனர். பரீட்சைக்கு அது போதுமாக இருந்தது. அந்த வரிக்குப் பின்னால் இருந்த மனிதரை நான் வாசித்தது பல வருடங்கள் கழித்துத்தான்.

அவர் 1332 இல் தூனிஸில் பிறந்தார். 1348–49 கொள்ளைநோய் அவரது பெற்றோரையும் ஆசிரியர்கள் பலரையும் கொண்டுபோனது. பின்னர் பாஸ், கிரனாடா என அரசவைகளில் பணியாற்றினார். ஆட்சி மாறும்போதெல்லாம் பக்கமும் மாறினார். ஏறத்தாழ 21 மாதங்கள் சிறையிலும் இருந்தார். அவரைப் புகழ்ந்து எழுதுவோர் இந்தப் பகுதியை மெதுவாகக் கடந்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், அவரது நூலுக்கு மூலதனமே இதுதான். அதிகாரம் எப்படி எழுகிறது, எப்படி உளுத்துப் போகிறது என்பதை அவர் உள்ளேயிருந்து பார்த்தவர்.

1375 இல் அரசியலை விட்டு, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டையில் ஒதுங்கினார். 1377 இல், ஐந்தே மாதங்களில், 'முகத்திமா'வின் முதல் வரைவை முடித்தார். உலக வரலாற்று நூலொன்றுக்கு முன்னுரையாகத் தொடங்கியது அது. வரலாற்றாசிரியர்கள் ஏன் பொய்யான செய்திகளையும் நம்பி எழுதிவிடுகிறார்கள் என்பதே அவரது ஆரம்பக் கேள்வி. மூஸா நபியின் படையில் ஆறு இலட்சம் பேர் இருந்தனர் என்ற கணக்கை எடுத்து, அவ்வளவு பெரிய படையை ஒரு களத்தில் எப்படி அணிவகுத்து நடத்த முடியும் என்று கேட்கிறார். செய்தி சொன்னவர் யார் என்று பார்ப்பது மட்டும் போதாது; சமூகம் இயங்கும் விதத்தோடு அது பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்கான புதிய கலைக்கு அவர் இட்ட பெயர் 'இல்முல் உம்ரான்'. குழுவைப் பிணைக்கும் 'அஸபிய்யா' ஆட்சியை உருவாக்குகிறது, சொகுசு அதைக் கரைக்கிறது, பெரும்பாலும் மூன்று தலைமுறையில் கதை முடிகிறது என்ற அவரது கோட்பாடு பலரும் அறிந்ததே.

பிற்காலம் கெய்ரோவில் கழிந்தது. மாலிகி மத்ஹபின் தலைமைக் காழியானார். அவரிடம் வந்து சேரப் புறப்பட்ட குடும்பத்தினர் கப்பல் விபத்தில் மூழ்கிப் போயினர். 1401 இல் முற்றுகையிடப்பட்ட டமஸ்கஸின் மதிலிலிருந்து கயிற்றில் இறங்கிச் சென்று தைமூரைச் சந்தித்தார். 1406 இல் கெய்ரோவிலேயே வபாத்தானார்.

அவரை முதலில் ஆழமாக வாசித்தவர்களில் உஸ்மானிய வரலாற்றாசிரியர்கள் முக்கியமானவர்கள். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வெளிவந்த அரபுப் பதிப்பும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் அவரைப் பரப்பின. எகிப்தின் தாஹா ஹுஸைன் பாரிஸில் இப்னு கல்தூனைப் பற்றிச் செய்த கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு ஆரம்பத்தில் வழிகாட்டியவர் யார் தெரியுமா? நாங்கள் மனனம் செய்த அதே டேர்க்கைம்தான். இதைக் கலாசாலையில் எவரும் சொல்லவில்லை.

ஆனால் என்னை உலுக்கியது முகத்திமாவின் ஆறாம் அத்தியாயம். அது கல்வியைப் பற்றியது. கடுமையாலும் அடக்குமுறையாலும் வளர்க்கப்படும் பிள்ளை உற்சாகத்தை இழக்கிறது, சோம்பலுக்குப் பழகுகிறது, கைக்குத் தப்புவதற்காகப் பொய்யையும் பாசாங்கையும் கற்றுக்கொள்கிறது, நாளடைவில் அதுவே அதன் குணமாகிவிடுகிறது என்கிறார். அடக்கியாளப்பட்ட சமூகங்களுக்கும் இதுவே நேர்கிறது என்று அடுத்து எழுதுகிறார். வகுப்பறையையும் நாட்டையும் ஒரே கண்ணால் பார்த்த சமூகவியலாளர் அவர். நானும் பிரம்பு பிடித்தவன்தான். பொய் சொன்னதற்காக நான் அடித்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பொய்யை என் பிரம்பே கற்றுக்கொடுத்ததோ என்று அன்று யோசித்தேன்.

பாடத்தை மூன்று சுற்றாகக் கற்பிக்கச் சொல்கிறார். முதலில் சாரம், பிறகு விளக்கமும் கருத்து வேறுபாடுகளும், இறுதியில் எந்தச் சிக்கலையும் விடாமல் முழுமையாக. மனனத்துக்காக இறுக்கிச் சுருக்கிய நூல்கள் கல்வியைக் கெடுக்கும் என்று தனியாகவே எழுதியிருக்கிறார். மாணவன் விடயத்தை விட்டுவிட்டுச் சொற்களோடு மல்லுக்கட்டுகிறானாம்.

இந்தப் பகுதியை ஆசிரியர் ஓய்வறையில் ஒருநாள் விளக்கிக் கொண்டிருந்தேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். முடிந்ததும் இளம் ஆசிரியர் ஒருவர் எழுந்து வந்தார். "சேர், நல்ல விசயம். இதை ஒரு பக்கத்துக்குள்ள ஷோர்ட் நோட்டா எழுதித் தாங்களேன்" என்றார்.